வீட்டுக்கென விட்டுவைத்த ஒரு கணக்கு

இவ்வாண்டு மார்ச் மாதம் பதினோராம் தேதியிட்டுப் பள்ளி அலுவலகம் பெற்றோருக்கு அனுப்பிய சுற்றறிக்கையின் மூன்றாம் பத்தி உண்மைக்கு மாறானது. "பள்ளி முடிந்தபின் தனியார் வீடுகளில் விடப்படும் பிள்ளைகளின் வீட்டுப்பாடம், கவனக்குறைவால் அரைகுறையாக விடப்படுவது பெற்றோர் அளித்த பதில்களிலிருந்து தெரியவருகிறது" என்கிறது அந்தப் பத்தி. வீடுகள் என்று பன்மையில் எழுதியிருந்தாலும், அந்தப் பள்ளிப் பிள்ளைகள் மாலையில் போய்த் தங்கும் வீடு ஒன்றே ஒன்றுதான். அது நாலுமணி அக்காவின் வீடு. வீட்டுப்பாடம் முழுதாக முடிக்கப்படவில்லை என்பது மெய். கவனக்குறைவால் என்பது பொய். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான், ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பெற்றோர் தவிர வெளியாள் எவரிடமும் வாசலில் பிள்ளைகளை ஒப்படைப்பதில்லை என்று நான்காம் பத்தி தீர்ப்பு எழுதிவிட்டது. பள்ளிக்குள்ளேயே தொடங்கவிருக்கும் மாலைநேரப் பராமரிப்பில் பிள்ளையைச் சேர்க்கலாம் என்று ஐந்தாம் பத்தி வழியும் காட்டிவிட்டது.

சுற்றறிக்கை அக்காவின் கைக்கு வந்தது பன்னிரண்டாம் தேதி மாலை, ஒரு பிள்ளையின் பைக்குள் தண்ணீர் பாட்டிலோடு ஒட்டிக்கொண்டு, ஒரு மூலை நனைந்தபடி. அவள் அதை மின்விசிறிக்கு அடியில் காயவைத்தாள். இரண்டு முறை படித்தாள். மேல் மூலையில், தான் பெற்ற தேதியையும் நேரத்தையும் பென்சிலால் குறித்தாள். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தாள்.

பேருந்துப் பணிமனையிலிருந்து வந்த கணவர், செருப்பைக் கழற்றும்போதே அவள் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"என்ன, யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"எனக்குத்தான். கவனக்குறைவாம்."

"உனக்கா? நான் எந்தத் தேதில குடையைத் தொலைச்சேன்னு பில்லோட எடுத்துக் காட்டறவ நீ. உனக்கா கவனக்குறைவு?"

"சிரிக்காதீங்க. அச்சடிச்சு வந்திருக்கு."

அச்சடித்து வந்தது என்பதில்தான் அவளுக்கு வலி. வாயால் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பாள். காகிதத்தில் ஏறிவிட்ட ஒன்றைக் காகிதத்தால்தான் இறக்க முடியும் என்பது அவள் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம்.

அந்தப் பாடத்தை அவளுக்குக் கற்பித்தது ஒரு தையல் ஆலை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு அங்கே பொத்தான் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் மேற்பார்வையாளர் வந்து, வெள்ளைப் பொத்தான் தீர்ந்துவிட்டது, சாம்பல் நிறத்தையே வைத்து அனுப்பு என்றார். வைத்து அனுப்பினாள். நாற்பது சட்டைகள் திரும்பி வந்தன. நான் அப்படிச் சொல்லவே இல்லையே என்றார் மேற்பார்வையாளர், கண்ணைக்கூட இமைக்காமல். வாயால் சொன்னதற்கு அவளிடம் சாட்சி இல்லை. அன்று மாலையே வேலை போயிற்று. வெளியே அனுப்பும்போது அவர்கள் கொடுத்த துண்டுக் காகிதம் அவளது முதல் ஆவணம். அதற்கடுத்த ஒரு வருடம் முழுவதும், பழைய செய்தித்தாள்களின் தலையங்கங்களையும் வந்துசேர்ந்த அரசாங்கக் கடிதங்களையும் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் பார்த்தெழுதி, மனு எழுதும் தமிழைத் தானே கற்றுக்கொண்டாள். ஆசிரியர் யாருமில்லை. தப்பாக எழுதினால் திருத்தவும் ஆளில்லை. அதனால் தப்பாக எழுதாமலிருக்கப் பழகினாள்.

வேலையில்லாமல் வீட்டில் இருந்த அந்த நாட்களில்தான் மாடி வீட்டு நர்ஸம்மா இறங்கி வந்தாள். பத்தொன்பது வருடத்துக்கு முந்திய கதை. அப்போது நர்ஸம்மாவுக்கு முடி முழுக்கக் கறுப்பு.

"பள்ளிக்கூடம் மூணே முக்காலுக்கு விட்டுடறாங்க. என் டியூட்டி ஏழுக்குத்தான் முடியுது. நடுவுல மூணேகால் மணி நேரம் என் பொண்ணு எங்க போவா, சொல்லுங்க. நீங்க கொஞ்சம் பாத்துக்கிட்டீங்கன்னா புண்ணியமா போகும். சும்மா வேணாம், மாசாமாசம் குடுத்துடறேன்."

அந்தப் பெண்ணுக்கு ஆறு வயது. வாய் ஓயாது. முதல் வாரமே அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்துவிட்டார் அக்காவின் கணவர். வருடம் முடிவதற்குள் ரேடியோவோடு இன்னும் ஆறு பேர் சேர்ந்தார்கள். பள்ளி வாசலிலிருந்து இரண்டு வரிசையாக அவர்களை அழைத்துக்கொண்டு அக்கா வீடு வந்து சேரும்போது மணி சரியாக நாலு. சலவைக்கடைக்காரர் அவள் தலையைப் பார்த்துத் தன் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார். பெயர் அப்படித்தான் வந்தது.

வீடு என்றால் இரண்டே அறை. முன் அறைச் சுவரில் ஒரு பிள்ளையின் கை எட்டும் உயரத்தில் வரிசையாக ஆணிகள், புத்தகப் பை மாட்ட. எழுத்துக் கூட்டத் தெரியாத சின்னதுகளும் தம் ஆணியை அறிந்துகொள்ள ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு படம்: மீன், குடை, சாவி, ஏணி. பின்பக்கக் குழாயடியில் ஆளுக்கு ஒரு குவளைத் தண்ணீர், கால் கழுவ. இரண்டாம் குவளை கேட்டால் கிடையாது. பிறகு ரொட்டியும் வாழைப்பழமும். பிறகு பாய். மாலை வெயில் ஜன்னல் கம்பிகளைத் தரையில் நீட்டிப் போடும். பிள்ளைகள் ஆளுக்கொரு கட்டத்தில் உட்கார்ந்து எழுதுவார்கள். வெயில் நகர நகர அவர்களும் நோட்டோடு நகர்வார்கள். ஐந்தரை ஆகும்போது மொத்த வகுப்பும் கதவோரம் வந்து சேர்ந்திருக்கும். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகும், ஐந்தரை வெயிலைக் கண்டால் அக்காவுக்கு ரப்பர் தேய்த்த காகித வாசனை எங்கிருந்தோ வந்துவிடும்.

சேரும் நாளில் ஒவ்வொரு பெற்றோரிடமும் ஒரு தாளை நீட்டுவாள். மேலே அவள் கையெழுத்தில் ஒரே கேள்வி: "மாலை நாலு மணி முதல் ஏழு மணி வரை என்னிடமிருந்து நீங்கள் எதிர்பார்ப்பது என்ன? தங்கள் கைப்பட எழுதவும்." எழுதுபவர்கள் பேனாவைக் கடித்துக்கொண்டு மோட்டுவளையைப் பார்ப்பார்கள். பிறகு எழுதுவார்கள். பொது அறிவு வளர வேண்டும். ஆங்கிலம் சரளமாகப் பேச வேண்டும். வாய்ப்பாடு தலைகீழாகத் தெரிய வேண்டும். நாலு வயதுப் பையனின் அப்பா ஒருவர், தலைமைப் பண்பு என்று எழுதி அடிக்கோடும் இட்டிருந்தார்.

"மூக்கைச் சிந்தத் தெரியாதவனுக்குத் தலைமைப் பண்பா?" என்றார் கணவர்.

"எழுதிக் குடுத்திருக்காரு. செஞ்சுதானே ஆகணும்."

செய்தாள். முதல் இரண்டு வருடம் தாளில் இருந்ததை எல்லாம் எழுத்து பிசகாமல் செய்தாள். கரும்பலகை வாங்கினாள். தினம் பத்து ஆங்கிலச் சொல். வீட்டுப்பாடம் கடைசி வரி வரை முடித்து, சரிபார்த்து, பென்சில் சீவி, நாளைய புத்தகத்தை அடுக்கி, பையை மூடி அனுப்புவாள். பிள்ளைகள் கட்டி முடித்த பார்சல் மாதிரி வீடு போய்ச் சேர்ந்தார்கள். யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை மாலை நர்ஸம்மா, ரேடியோவை வெளியே செருப்பு மாட்ட விட்டுவிட்டு, உள்ளே வந்து நின்றாள்.

"அடுத்த மாசத்திலேருந்து அனுப்பலன்னு சொல்ல வந்தேன்."

"ஏன், என்ன குறை? தாள்ல எழுதின எல்லாம் நடக்குதே."

"அதான் குறை. எல்லாம் நடந்துடுது." நர்ஸம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நாள் பூரா யார் யாருக்கோ ஊசி போட்டுட்டு வரேன். வீட்டுக்குப் போனா என் பொண்ணுகிட்ட செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல. பாடம் முடிஞ்சிடுச்சும்மாங்கறா. ஸ்கூல்ல என்ன நடந்துச்சுன்னு கேட்டா, அக்காகிட்ட சொல்லிட்டேம்மாங்கறா. அலுத்துக்கறா. நீங்க நல்லா பாத்துக்கறீங்க, இல்லன்னு சொல்லல. எனக்கு மிச்சமே வைக்க மாட்டேங்கறீங்க."

அக்காவுக்குச் சுருக்கென்றது. தன்மேல் குற்றம் இல்லை என்று காட்ட அவளிடம் தாள் இருந்தது. அலமாரியைத் திறந்து, அதை எடுத்துக்கூட விட்டாள். நர்ஸம்மாவின் கையெழுத்திலேயே, வீட்டுப்பாடம் முழுதும் முடிக்கப்பட வேண்டும் என்று இருந்தது. நீட்டப் போனவள் நிறுத்திக்கொண்டாள்.

"நீங்க எழுதினது இதுதானே?"

"வேற என்ன எழுதறது? என் பொண்ணு எனக்காகக் காத்துக்கிட்டிருக்கணும்னா எழுத முடியும்? வேலைக்குப் போற பொம்பளைக்கு ஆசையைப் பாருன்னு சிரிக்க மாட்டாங்க?"

அந்த வாரமே புது விதி வந்தது. அதற்கு அவள் இட்ட பெயர் 'வீட்டுக்கு ஒன்று'. வீட்டுப்பாடத்தில் ஒரு கணக்கு, அல்லது ஒரு கேள்வி, எழுதாமல் விடப்படும். எதை விடுவது என்பது பிள்ளையின் விருப்பம். அன்றைய செய்திகளில் ஒன்று அக்காவிடம் சொல்லப்படாமல் வீட்டுக்குக் கொண்டுபோகப்படும். இதையும் ஒரு தாளில் எழுதி, காரணத்தையும் குறிப்பிட்டு, ஒவ்வொரு பெற்றோரிடமும் கையெழுத்து வாங்கினாள். கொடுக்கும் பணத்துக்கு வேலையைக் குறைக்கிறாளே என்று கேட்பார்கள் எனப் பயந்துகொண்டுதான் நீட்டினாள். ஒருவர்கூடக் கேட்கவில்லை. தலைமைப் பண்புக்காரர் மட்டும் தாளை வெகுநேரம் படித்துவிட்டு, "இப்படியும் கேக்கலாமா?" என்றார்.

ரேடியோவுக்குத்தான் விதி பெரும்பாடாயிற்று.

"அக்கா அக்கா, இன்னிக்கு டீச்சர் நாற்காலி இருக்குல்ல, அது வந்து..."

"நிறுத்து. இது எனக்கா, அம்மாவுக்கா?"

குழந்தை யோசிக்கும். புருவம் ஒன்றோடொன்று முட்டும். "பாதி உங்களுக்கு, பாதி அம்மாவுக்கு."

"பாதி கிடையாது."

"அப்ப... அம்மாவுக்கு." சொல்லிவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொள்வாள். நாற்காலிக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் அக்காவுக்கு இரவு முழுக்க மண்டை காய்ந்தது. மறுநாள் காலை தண்ணீர் பிடிக்கும்போது நர்ஸம்மா, சிரிப்பை அடக்க முடியாமல், கால் உடைந்த கதையை முழுதாகச் சொன்னாள். அப்படிச் சிரித்து அவளை அக்கா அதற்குமுன் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு தாளில் எழுதாததைப் படிக்க அக்கா பழகிக்கொண்டாள். தாமதமாக வருகிறவர்கள் படி ஏறும்போதே முன் அறைக் கடிகாரத்தைப் பார்த்து முகம் கறுப்பதைக் கண்டாள்; கடிகாரத்தைக் கழற்றிச் சமையலறையில் மாட்டினாள். பிள்ளையைத் தரும்போது அன்று செய்த குறும்பை முதலில் சொல்லக் கூடாது என்று கண்டுகொண்டாள். சொல்லியே ஆக வேண்டுமானால், சாப்பிட்டாள் என்பதற்கு அப்புறம். கால் கழுவும் நேரத்துக்கே வந்துவிடும் நாட்களில், பிள்ளையைத் தூக்கும் அப்பாமாரின் வேலைச் சட்டையில் ஈரம் ஒட்டும். அதை யாரும் தட்டிவிடுவதில்லை. இதற்கெல்லாம்தான் அவர்கள் பணம் கொடுத்தார்கள். எதையும் எந்தத் தாளிலும் அவர்கள் எழுதியதில்லை. நடுவில் ஒரு வருடம், கடைத்தெருவில் கம்ப்யூட்டரும் குளிர்சாதனமும் வைத்து ஒரு பராமரிப்பு மையம் வந்தது. அக்காவின் பிள்ளைகளில் ஐந்து பேர் அங்கே போனார்கள். மூன்றாம் மாதம் நால்வர் திரும்பி வந்தார்கள். "அங்க எல்லாத்தையும் முடிச்சு அனுப்பிடறாங்கக்கா. வீட்டுக்கு வந்து நானும் அவனும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம்" என்றாள் ஒரு பையனின் அம்மா.

அப்படியிருக்க, மூன்றாம் பத்தி எங்கிருந்து வந்தது என்று அக்காவுக்குப் பிடிபடவில்லை. பதின்மூன்றாம் தேதி மாலை, மகளைக் கூட்டிப்போக வந்த மருந்துக்கடைக்காரரை நிறுத்திக் கேட்டாள். பிப்ரவரி மாதம் பள்ளியிலிருந்து ஒரு கேள்வித்தாள் வந்ததென்றும், அதில் வீட்டுப்பாடம் முழுமையாக முடிக்கப்படுகிறதா என்று ஆறாவது கேள்வி இருந்ததென்றும் அவர் சொன்னார்.

"நீங்க என்ன போட்டீங்க?"

"இல்லன்னு போட்டேன். அதானேக்கா உண்மை? ஆமான்னு போட்டா பொய்யாயிடுமே."

"ஏன் முடிக்கறதில்லன்னு எழுதியிருக்கலாமே?"

"எழுத இடம் எங்க விட்டாங்க? ஆமா, இல்ல, ரெண்டே கட்டம்."

"வேற என்ன கேட்டாங்க?"

"என்னென்ன வசதி வேணும்னு கேட்டாங்க. கம்ப்யூட்டர், ஆங்கிலம், ஓவியம், கராத்தே..."

"எதுக்கெல்லாம் போட்டீங்க?"

அவர் மகளின் பையைத் தோள் மாற்றிக்கொண்டார். "எல்லாத்துக்கும்தான்."

"கராத்தேக்குமா? ஈ ஓட்டக் கை தூக்க மாட்டாளே உங்க பொண்ணு."

"வேணாம்னு எப்படிக்கா போடறது? பெத்த பிள்ளைமேல அக்கறை இல்லாதவன்னு நெனச்சிட்டா?"

விசாரித்தபோது, அவளிடம் இருந்த பதினோரு பிள்ளைகளின் வீடுகளில் ஒன்பது வீடுகள் அதே கட்டத்தில் அதே 'இல்லை'யைப் போட்டிருந்தன. மீதி இரண்டு வீடுகள் தாளைத் திருப்பி அனுப்பவே மறந்துவிட்டன. ஒருவருக்கும் அவள்மேல் மனத்தாங்கல் இல்லை. எல்லோரும் உண்மையைச் சொல்லியே அவளை மாட்டிவிட்டிருந்தார்கள்.

பதினாறாம் தேதி பள்ளி அலுவலகத்துக்குப் போனாள். கண்காணிப்பாளர் கெட்ட மனிதர் இல்லை, உட்காரச் சொன்னார்.

"நீங்க எந்தப் பிள்ளையோட அம்மா?"

"எந்தப் பிள்ளையோட அம்மாவும் இல்ல சார். உங்க மூணாவது பத்தில இருக்கறது நான்தான்."

அவர் சுற்றறிக்கையைத் தேடி எடுத்துப் படித்தார். "உங்களைச் சொல்லலம்மா. பொதுவா சொன்னது."

"பொதுவா சொல்றதுக்கு இன்னொரு வீடாவது வேணும்ல சார். இருந்தா விலாசம் குடுங்க, நானே போய்ப் பாத்துட்டு வரேன்."

"கமிட்டி எடுத்த முடிவும்மா. நீங்க மனசுல வச்சுக்காதீங்க. நான்தான் வாயால சொல்றேன்ல, உங்களைக் குறை சொல்லலன்னு."

வாயால் சொல்கிறேன் என்ற அந்தச் சொல்லில் அவளுக்குச் சாம்பல் நிறப் பொத்தான்கள் உருண்டன. "அதையே ஒரு தாள்ல எழுதிக் குடுங்க சார்" என்றாள். அவர் சிரித்தார். எழுதித் தரவில்லை.

அன்றிலிருந்து மூன்று நாள், பிள்ளைகள் வருவதற்கு முந்திய பகல் வேளைகளில், இரும்பு அலமாரியின் முன் அமர்ந்து பத்தொன்பது வருடத்தை அவள் தரையில் இறக்கினாள். மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று பிள்ளைகள். பிள்ளைக்கு இரண்டு தாள். ஆதாரம் தேடித்தான் உட்கார்ந்தாள். ஆனால் ஒவ்வொரு தாளும் கையைப் பிடித்து நிறுத்தியது. ஏணிப்படத்து ஆணிக்காரி, மழை பெய்தால் அழுவாள். அம்மா நனைவாளே என்று. சாவிக்காரன் எப்போதும் கஷ்டமான கணக்கையே வீட்டுக்கு விடுவான். அப்பாவுக்குத் தெரியாது அக்கா, ரெண்டு பேரும் சேர்ந்து திணறுவோம், ஜாலியா இருக்கும் என்பான். மீன்காரன் கடைசி நாளில் தன் படத்தைச் சுவரிலிருந்து பிய்த்துத் தரச் சொல்லி அடம் பிடித்தான். சுண்ணாம்போடு பிய்ந்து வந்தது. பழுத்த தாள்களின் ஓரங்களில் பென்சில் கிறுக்கல்கள், வாழைப்பழக் கறை, ஒரு சின்ன கட்டைவிரலின் மைரேகை. வீட்டில் சத்தமே இல்லை. அந்தச் சத்தமின்மை ஏப்ரல் முதல் தேதிக்குப் பிறகு மாலை நாலு மணிக்கும் நீளும் என்று நினைத்தபோது அவளுக்கு முதன்முறையாகப் பயம் வந்தது. பணத்தைப் பற்றிய பயம் இல்லை. கணவரின் சம்பளத்தில் இரண்டு வயிறு கழிந்துவிடும். வாசலில் நின்று, வரிசையாக வெளியே வரும் பிள்ளைகளைப் பார்த்தபடி, ஒருவர் கையையும் பிடிக்க உரிமையில்லாமல் திரும்பி நடப்பதை அவளால் நினைத்துப்பார்க்க முடியவில்லை.

யாருடைய கையெழுத்தையும் கேட்காமல் வெளியே காட்டுவது முறையல்ல. எனவே பதினோரு வீட்டாரிடமும், அவர்கள் கையெழுத்திட்ட 'வீட்டுக்கு ஒன்று' தாளின் நகலைப் பள்ளிக்குக் கொடுக்கப்போகும் மனுவோடு இணைக்கச் சம்மதமா என்று கேட்டாள். எட்டுப் பேர் சரி என்றார்கள். மூன்று பேர் தயங்கினார்கள். மருந்துக்கடைக்காரர் அந்த மூவரில் ஒருவர்.

"பிள்ளை அங்கதானே படிக்குது அக்கா. நாளைக்கு ஏதாவதுன்னா..." என்று தரையைப் பார்த்தார்.

"புரியுதுங்க. இதுல வருத்தப்பட ஒண்ணுமில்ல."

அவர் தாளின் மேல், சம்மதம் இல்லை என்று தேதியிட்டு எழுதி, அதை மீண்டும் அதன் உறைக்குள் வைத்தாள். அவர் மகளுக்கு அன்று கூடுதலாக ஒரு வாழைப்பழம் கிடைத்தது.

நர்ஸம்மா ஓய்வு பெற்று இன்னும் மாடியில்தான் இருக்கிறாள். ரேடியோ வேலை கிடைத்து வேறு ஊர் போய்விட்டாள். செய்தி கேள்விப்பட்டு மூட்டு வலியோடு இறங்கி வந்த நர்ஸம்மா, தன் பழைய தாளை வாங்கிக் கண்ணாடி போட்டுப் படித்தாள்.

"முழுதும் முடிக்கப்பட வேண்டும். அடேயப்பா, எவ்வளவு அதிகாரமா எழுதியிருக்கேன்." தாளை மடித்துத் திருப்பி நீட்டினாள். "இதை அனுப்பாதீங்க. இது நான் எழுதின பொய். ஒரு பேனா குடுங்க."

அக்கா புதிய தாளில் பழைய கேள்வியையே எழுதி நீட்டினாள். நர்ஸம்மா மோட்டுவளையைப் பார்க்கவில்லை. ஒரே மூச்சில் எழுதினாள்: "என் மகள் பசியாறி, கால் கழுவி, பயமின்றி இருக்க வேண்டும். ஆனால் எனக்காகக் காத்திருக்கவும் வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்து எனக்குக் கொடுத்தவர் இவர் ஒருவரே. விட்டுவைத்த அந்த ஒரு கணக்குக்காகத்தான் ஒன்பது வருடம் நான் பணம் கட்டினேன். கட்டியதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை." கீழே கையெழுத்திட்டு, தன் பழைய பணி எண்ணையும் பழக்கத்தில் எழுதிவிட்டாள்.

"நம்பர் வேணாமே" என்றாள் அக்கா.

"இருக்கட்டும். கனமா இருக்கும்."

இருபத்திரண்டாம் தேதி காலை பத்தேகாலுக்கு, ஒன்பது இணைப்புகளுடன் மனு பள்ளி அலுவலகத்தில் நேரில் கொடுக்கப்பட்டது. கண்காணிப்பாளர், வச்சுட்டுப் போங்கம்மா என்றார். அக்கா வைத்துவிட்டுப் போகவில்லை. நகலில் முத்திரையும் தேதியும் விழும் வரை மேசைக்கு எதிரே நின்றாள். மனுவின் கடைசிப் பத்தி பின்வருமாறு அமைந்திருந்தது:

"ஆகவே, மேற்படி சுற்றறிக்கையின் மூன்றாம் பத்தியில் உள்ள 'கவனக்குறைவால்' என்னும் சொல்லை நீக்கி, 'பெற்றோரின் எழுத்துமூலமான சம்மதத்துடன்' என்று திருத்தி, அதே பெற்றோர் அனைவருக்கும் மறுபடி அனுப்ப வேண்டும். பெற்றோர் எழுதிக் கேட்கும் பிள்ளைகளை வாசலில் என்னிடம் ஒப்படைக்கும் வழக்கம் ஏப்ரல் முதல் தேதிக்குப் பின்னும் தொடர வேண்டும். இவற்றை ஏற்க இயலாதெனில், ஒவ்வொன்றுக்கும் உரிய காரணத்தைத் தனித்தனியே குறிப்பிட வேண்டும். நேரிலோ தொலைபேசியிலோ சொல்லப்படும் சமாதானம் பதிலாகக் கொள்ளப்படமாட்டாது. தேதியும் கையொப்பமும் இட்ட பதிலை, மார்ச் முப்பதாம் தேதிக்குள், எழுத்துமூலம் எனக்கு அனுப்ப வேண்டும்."